உடைஞ்ச சோலார் பேனலை யாருங்க எடுத்துக்குவாங்க?

தோட்டத்து டீச்சர் எழுதியது:

வணக்கமுங்க. எங்களுக்கு உடுமலைக்குத் தெற்கே நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. 2014-ல வேளாண் பொறியியல் துறை மானியத்துல 5 எச்பி சோலார் பம்ப் போட்டோம். 250 வாட் பேனல், மொத்தம் 20. பத்து வருஷத்துக்கு மேல ஒரு குறை சொல்ல முடியாதுங்க. காலையில ஒன்பதுக்குத் தொட்டியில தண்ணி விழ ஆரம்பிச்சா சாயங்காலம் நாலரை வரைக்கும் விழும். மும்முனைக் கரண்டு எப்ப வரும்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட மோட்டார் ரூமுக்குப் போன காலமே மறந்து போச்சு.

இந்த வருஷம் ஆடிக் காத்து எப்படி அடிச்சுதுன்னு பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரப்போரத்துல நின்ன ஒரு மரம், உச்சி பட்டு மொட்டையா நின்னது, அதை வெட்டணும் வெட்டணும்னு நானும் மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தேன். அது முறிஞ்சு நேரா பேனல் மேல விழுந்துருச்சுங்க. ஸ்டேண்டு ஒரு பக்கம் மடங்கி, 6 பேனல் நொறுங்கிப் போச்சு. மீதி 14 பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பம்ப் ஓடலை.

இனிமேல்தான் என்ற பிரச்சனையே. பேனல் போட்டுக் கொடுத்த கம்பெனி நம்பருக்கு அடிச்சா உபயோகத்தில் இல்லைன்னு வருது. கோயமுத்தூர்ல அவங்க ஆபீஸ் இருந்த எடத்துல இப்ப ஒரு பேக்கரி இருக்குதாம், தம்பி பையன் போய்ப் பார்த்துட்டு பப்ஸ் சாப்பிட்டுட்டு வந்தான். சரின்னு பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். எடுத்துக்கறேன்னு வந்தவரு வண்டியில ஏத்துவாருன்னு பார்த்தா, உடைஞ்ச பேனல்ல ரெண்டை அங்கேயே கீழே போட்டு, கடப்பாரையை மூலையில குடுத்து நெம்பி, நாலு பக்க அலுமினியச் சட்டத்தையும் உருவிக்கிட்டாரு. பின்னாடி இருக்கிற கருப்பு டப்பாவைச் சுத்தியால தட்டி எடுத்தாரு, ஒயரைச் சுருட்டினாரு, கைக்கு நானூறு ரூபா குடுத்துட்டுக் கிளம்பறாரு. "ஏனுங்க, கண்ணாடி?"ன்னு கேட்டா, "அது வேண்டாமுங்க, அதை யாரும் வாங்கறதில்லை, பள்ளத்துல போட்டுருங்க"ன்னுட்டாரு.

மீதி நாலையும் நான் தொடவிடலை. அவருக்குக் கோபம்தான்.

சட்டம் உருவின அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தீங்கன்னா தெரியும். விறைப்பே இல்லை. ஈரப்பாய் மாதிரி தொங்குது. ஆயிரம் துண்டா உடைஞ்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருக்கு. ஓரத்துல மட்டும் பொடிப்பொடியா உதிருது. மறுநாள் என்ற பேத்தி டிபன் டப்பா நிறைய அந்தப் பொடியைப் பொறுக்கி வெச்சுக்கிட்டு "பாட்டி, டைமண்டு கல்கண்டு"ங்கறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அதே எடத்துலதான் வெள்ளாடு மேயுது, மயில் கொத்துது.

வாட்ஸப்புல வேற ஒருத்தர், சோலார் பேனல்ல காட்மியம் இருக்கு, மழை பேஞ்சா கிணத்துல இறங்கும், கேன்சர் வரும்னு அனுப்பியிருக்காரு. 31 வருஷம் பள்ளிக்கூடத்துல அறிவியல் நடத்தினவ நான், வந்ததையெல்லாம் நம்பறவ இல்லை. ஆனா கிணறு நாப்பது அடி தூரத்துலதான் இருக்கு.

கேட்கறது இதுதான். உடைஞ்சதை யார்கிட்டக் குடுக்கணும்? அதுவரைக்கும் எங்கே வைக்கிறது? நல்லாத் தெரியற 14-ஐ வெச்சு ஏதாச்சும் செய்ய முடியுமா, இல்லை அதுவும் குப்பைதானா? காசு வரலைன்னாலும் பரவாயில்லைங்க. பள்ளத்துல போட மட்டும் மனசு வரலை.


சோலார் மெக்கானிக் திண்டுக்கல் எழுதியது:

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம். அந்தப் பேனலெல்லாம் இன்னும் ஒயர்ல கோத்தபடிதான் கிடக்குதா? அப்படின்னா பேத்தியை அந்தப் பக்கமே விடாதீங்க. 5 எச்பி ஏசி மோட்டாருக்கு 250 வாட் 20 போட்டிருந்தா, பெரும்பாலும் இருபதையும் வரிசையா ஒரே மாலையா கோத்திருப்பாங்க. ஒரு பேனல் வெயில்ல 37 வோல்ட். இருபது சேர்ந்தா 740 வோல்ட், அதுவும் டிசி. பட்டா உயிருக்கே ஆபத்து. கண்ணாடி உடைஞ்சா பேனல் செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. உடைஞ்சதும் வெளிச்சம் பட்டா வோல்ட் தந்துக்கிட்டேதான் இருக்கும். மழைத்தண்ணி விரிசல்ல இறங்கினா ஸ்டேண்டு இரும்புலயே கரண்டு நிக்கும்.

கழட்டறதுக்கு ஒரே நல்ல நேரம் பொழுது சாஞ்ச பிறகு. முதல்ல கண்ட்ரோலர் பக்கத்துல இருக்கிற ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணணும். அதுக்கு முன்னாடி பேனல் ஒயரைக் கோக்கற எம்சி4 பின்னைப் பிடுங்கினா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும், எங்க ஆள் ஒருத்தனுக்கு இப்படித்தான் ரெண்டு விரல் பொசுங்குச்சு. இருட்டினதும் ஒவ்வொரு பின்னா கழட்டி, பேனலைத் தனித்தனியாப் பிரிச்சிடுங்க. பகல்லதான் முடியும்னா கனமான தார்ப்பாயைப் போட்டு மூடிட்டுச் செய்யணும். கரண்டு வேலைக்கான ரப்பர் கையுறை கட்டாயம். உடைஞ்ச கண்ணாடிக்குத் தோல் கையுறையும் மேலே ஒண்ணு.

பம்ப் ஏன் ஓடலைங்கறதுக்கு வர்றேன். மாலையில ஒரு பூ அறுந்தாலும் மாலை அறுந்ததுதானே? அது ஒண்ணு. உடைஞ்ச ஆறை விட்டுட்டு 14-ஐ மட்டும் கோத்தாலும், வேலை செய்யும்போது 420 வோல்ட்தான் வரும். 415 வோல்ட் ஏசி மோட்டாரை முழுசா சுத்த, டிசியை ஏசியா மாத்தற அந்தக் கண்ட்ரோலருக்கு 550, 600 வேணும். மோட்டார் முக்கும், தண்ணி மேல ஏறாது.

இப்போ டெஸ்ட். ஒரு நல்ல மல்டிமீட்டர் போதும். மதியம் 11-லிருந்து 1-க்குள்ள, பேனலைத் துடைச்சிட்டு, சூரியனைப் பார்க்க நிறுத்தி, டிசி வோல்ட்ல வெச்சுப் பாருங்க. 36, 37 காட்டினா சந்தோஷம். வெயில்ல சூடாயிருந்தா 33, 34 கூட காட்டும், பயப்படாதீங்க. 22, 24 மாதிரி மூணுல ஒரு பங்கு அப்படியே காணோம்னா, அது பேனல் குத்தம் இல்லை. பின்னாடி கருப்பு டப்பாவுக்குள்ள மூணு டயோடு இருக்கும், ஒவ்வொண்ணும் 20 செல்லைப் பார்த்துக்கும். அதுல ஒண்ணு ஷார்ட் ஆகியிருக்கும். ஒரு டயோடு விலை டீ, வடை காசுதான், மாத்திட்டா பேனல் எழுந்து உட்கார்ந்துடும். டப்பாவுல சிலிகான் ஊத்தி அடைச்சிருந்தா மட்டும் கொஞ்சம் வம்பு.

அடுத்து ஆம்பியர். மீட்டர்ல 10 ஆம்பியர் ஓட்டைக்கு ஒயரை மாத்தி, ஒரே ஒரு பேனலோட ரெண்டு முனையையும் ரெண்டு செகண்டு தொடுங்க. எட்டு ஆம்பியர் பக்கம் வரணும். ஆறுக்குக் கீழே போனா அது உங்களுக்கு வேண்டாம். கடைசியா பேனலைக் குப்புறப் போட்டுப் பின்பக்க வெள்ளை ஷீட்டைத் தடவிப் பாருங்க. கையில சுண்ணாம்பு மாதிரி ஒட்டினா வயசாயிடுச்சுன்னு அர்த்தம், ஓட்டலாம். வெடிச்சுக் கோடு கோடா பிளந்திருந்தா ஓட்டவே கூடாது.

நல்லாயிருக்கிறதைக் குப்பைன்னு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. 250 வாட் பேனல் இப்ப கடையில கிடைக்காது. இப்ப வர்றதெல்லாம் 540, 550, அதுல ஓடுறது 13 ஆம்பியர். பழைய மாலையில அதைக் கோத்தா அதுவும் எட்டு ஆம்பியருக்கு இறங்கிடும், காசு தண்டம். உங்களை மாதிரி 2013, 14-ல போட்டவங்க எத்தனை பேர் ஒரே ஒரு பழைய பேனல் கிடைக்காம பம்ப்பை நிறுத்தி வெச்சிருக்காங்க தெரியுமா? எனக்கே மாசம் ரெண்டு போன் வருது.

வீட்டு விளக்குக்கு வெச்சுக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. உங்களது 60 செல் பேனல். 12 வோல்ட் பேட்டரிக்குப் பெரிசு, 24-க்குச் சிறிசு, ரெண்டும்கெட்டான். மலிவான சார்ஜ் கண்ட்ரோலர் போட்டா பாதி வீணாப்போகும். எம்பிபிடின்னு கேட்டு வாங்குங்க.


காயலான் பட்டுக்கோட்டை எழுதியது:

டீச்சரம்மா, நான் அந்தக் கடப்பாரைக் கட்சி. பட்டுக்கோட்டையில காயலான் கடை, அப்பா காலத்துலேர்ந்து. உங்க ஊர்க்காரரைத் திட்டறதுக்கு முன்னாடி எங்க கணக்கையும் கேளுங்க.

ஒரு 250 வாட் பேனல் 19 கிலோ இருக்கும். அதுல பதிமூணு, பதினாலு கிலோ வெறும் கண்ணாடி. அலுமினியம் ரெண்டு கிலோ. போன வாரம் நான் எடுத்தது கிலோ 150-க்கு. ஒயரோட செம்பு நூறு நூத்தைம்பது கிராம். அவ்வளவுதான் எங்க கண்ணுக்குத் தெரியிற சரக்கு. மீதி எல்லாம் பசையும் பிளாஸ்டிக்கும். பாட்டில் கண்ணாடி வாங்குறவன்கிட்ட எடுத்துட்டுப் போனேன், வாசல்லயே நிறுத்திட்டான். கண்ணாடியில பசை ஒட்டியிருக்கு, செல் ஒட்டியிருக்கு, போதாக்குறைக்கு சோலார் கண்ணாடியில ஆன்டிமனி கலந்திருப்பாங்களாம், அது பாட்டில் சூளைக்கு ஆகாதாம். அதான் நாங்க சட்டத்தை உருவிட்டுக் கண்ணாடியை உட்டுட்டு வர்றது.

கஜா அடிச்சது 2018 நவம்பர் 16. அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்க கடைக்குத் தென்னை மட்டை மாதிரி பேனல் வந்துச்சு. பள்ளிக்கூட மாடியிலேர்ந்து பறந்தது, வங்கி மாடியிலேர்ந்து பறந்தது, தெருவிளக்குப் பேனலு, பசுமை வீட்டுப் பேனலு. அத்தனைக்கும் சட்டத்தை உருவினேன். கடைக்குப் பின்னாடி சுவரோரமா நாப்பது அம்பது கண்ணாடித் தாள் இன்னும் நிக்குது. அதுக்கு நடுவுல ஆவாரஞ்செடி முளைச்சு மேல வந்துடுச்சு.

ஒரு தப்பும் செஞ்சேன், சொல்லிடறேன். பேனல்ல வெள்ளி இருக்குன்னு யூட்யூப்ல பார்த்துட்டு, ரெண்டு தாளை டயர் போட்டுக் கொளுத்தினோம். வெள்ளியாவது மண்ணாவது. வந்த புகையில கண்ணு ரெண்டு நாள் திறக்க முடியலை, வேலைக்காரப் பையன் ராத்திரி பூரா வாந்தி. பின்பக்கத் தாள்ல ஃப்ளோரின் இருக்கு, எரிச்சா நுரையீரலை அரிக்கிற புகை வரும்னு அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு. யாரும் செய்யாதீங்க. உங்க ஆளு கண்ணாடியை எடுத்துட்டுப் போகாம விட்டதே ஒரு வகையில நல்லது.

இதுல எனக்குக் கிடைச்ச பாடம் வேற. ரெண்டு வருஷம் முன்னாடி மறுசுழற்சி பண்ற ஒரு கம்பெனிக்காரர் வந்து என் சுவரோரத்தைப் பார்த்தாரு. "சட்டத்தோட வெச்சிருந்தா லாரி வாடகையாவது தேறும், இப்ப இதை எடுக்க நீங்கதான் எனக்குக் காசு தரணும்"னாரு. நியாயம்தானே? அவருக்கு வருமானமே அலுமினியம்தான். அதை நான் தின்னுட்டேன், முள்ளை அவர் எடுத்துட்டுப் போவாரா? அதனால மீதி நாலையும் நீங்க தொடவிடாம வெச்சது கெட்டிக்காரத்தனம். சட்டம் இருக்கிற வரைக்கும் அதுக்கு மதிப்பு.

பம்ப்போட பேட்டரி இருந்தா அது வேற சமாச்சாரம். ஈய பேட்டரியை எவனும் விடமாட்டான், நல்ல விலை. ஆனா தோட்டத்துலயே ஆசிட்டைக் கொட்டிட்டு எடுத்துட்டுப் போறேம்பான், விடாதீங்க. புது பேட்டரி வாங்கற கடையில எக்சேஞ்ச் போடுங்க.


மெல்பேர்ன் மாமா எழுதியது:

நாங்கள் இஞ்சை விக்டோரியா மாநிலத்திலை இருக்கிறம். 2019 ஜூலை 1-லை இருந்து எந்த மின்கழிவும் குப்பைக்கிடங்குக்குப் போகக் கூடாதெண்டு சட்டம், சோலார் பேனலும் அதுக்குள்ளை. போன வருசம் என்ரை கூரையிலை இருந்த பழைய 12 பேனலைக் கழட்டினவை, கொண்டு போறதுக்கு ஒவ்வொண்டுக்கும் எங்களிட்டைத்தான் காசு வாங்கினவை. யாழ்ப்பாணத்திலை இருக்கிற என்ரை தம்பிக்கு இதைச் சொல்ல, "உடைஞ்சதைக் குடுக்கிறதுக்கு நீ காசு குடுத்தனியோ?" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவன். டீச்சர் காசு வேண்டாம் எண்டு எழுதினதைப் பார்க்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


மின்கழிவு கணக்கன் எழுதியது:

நான் சென்னைக்கு வெளியே மின்கழிவு பிரிக்கும் ஆலை ஒன்றில் ஆறு வருஷம் கணக்கு எழுதியவன். டீச்சர் கேட்ட "யார்கிட்ட" என்பதற்கு என்னால் முடிந்த பதில்.

மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022 நவம்பரில் வந்தன, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சோலார் பேனல் முதல்முறையாக அந்தப் பட்டியலுக்குள் வந்தது இதில்தான். பொறுப்பு யார் மேல் என்றால், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், தன் பெயர் போட்டு விற்றவர் மேல். உங்களுக்கு ஸ்டேண்டு அடித்து மாட்டிவிட்டுப் போனவர் பெரும்பாலும் வெறும் ஒப்பந்தக்காரர். அவர் பேக்கரியாக மாறிவிட்டால் பேனல் கம்பெனியும் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பேனலைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், வாட், வோல்ட். மானியத் திட்டத்துப் பேனல் என்றால் தயாரிப்பு விவரம் அடங்கிய, கருவி வைத்துப் படிக்கிற ஆர்எஃப்ஐடி சில்லும் அலுமினியச் சட்டத்திலோ கண்ணாடிக்கு உள்ளேயோ இருக்க வாய்ப்பு உண்டு. இருபதையும் போட்டோ எடுங்கள். அந்தத் தயாரிப்பாளருக்கு, வரிசை எண்களோடு, எழுத்தில் எழுதுங்கள். போனில் பேசினால் காற்றோடு போகும்.

இனி கசப்பான பகுதி. டிவி, ஃப்ரிட்ஜ், செல்போனுக்கெல்லாம் "வருஷத்துக்கு இத்தனை டன் மறுசுழற்சி செய்தே ஆகவேண்டும்" என்று தயாரிப்பாளருக்கு இலக்கு உண்டு. சோலாருக்கு அந்த இலக்கு இல்லை. 2034-35 வரை சேருகிற பேனல் கழிவைத் தயாரிப்பாளர் தன்னிடம் சேமித்து வைத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு வருஷா வருஷம் கணக்குக் காட்டவேண்டும், அவ்வளவே. அதனால் உங்கள் கடிதத்துக்கு அவர்கள் ஓடி வரப்போவதில்லை. ஆனால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றும் எழுத்தில் சொல்ல முடியாது. அந்தப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், நகலை மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் யார் யார் என்பது மத்திய வாரியத்தின் மின்கழிவு இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: "கம்ப்யூட்டர் போர்டு எடுக்கிறீர்களா" என்றல்ல, "சோலார் பேனல் பிரிக்க மெஷின் இருக்கிறதா" என்று. பலரிடம் உரிமம் இருக்கும், மெஷின் இருக்காது. சட்டத்தைக் கழற்றிவிட்டு மீதியை அரைத்து ரோட்டுக்குப் போடுவதையும் மறுசுழற்சி என்றே எழுதுவார்கள். நானே எழுதியிருக்கிறேன்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி என்றால்: சட்டமும் டப்பாவும் கழன்ற பிறகு, சூடேற்றிய நீளமான கத்தி ஒன்று கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே ரொட்டி அறுப்பதுபோல் போகும். முழுக் கண்ணாடியாக இருந்தால்தான் இந்தக் கத்தி சரிப்படும். உடைந்ததை அரைத்துச் சலிப்பார்கள், அல்லது மூடிய உலையில் 500 டிகிரி வாக்கில் பசையை எரித்து, வரும் புகையைக் கழுவித்தான் வெளியே விடுவார்கள். பிறகு அமிலத்தில் வெள்ளி. உங்கள் காலத்துப் பேனலில் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு கிராம், அறுபது செல்லுக்கு அஞ்சாறு கிராம். பட்டுக்கோட்டை அண்ணன் டயரில் தேடியது அதைத்தான்.

காட்மியம் பயம் வேண்டாம். அது காட்மியம் டெல்லுரைடு என்ற வேறு ரகப் பேனல். கட்டம் தெரியாமல் முழுக்க ஒரே கருப்பாக, முன்னும் பின்னும் கண்ணாடியாக இருக்கும், பெரும்பாலும் பெரிய மின்பூங்காக்களில்தான் பார்க்கலாம். உங்களுடையதில் நீலக் கட்டங்களும் வெள்ளிக் கோடுகளும் தெரிந்தால் அது சிலிக்கான். அதில் கவனிக்க வேண்டியது ஈயம். செல்களை இணைக்கும் பட்டைக் கம்பியின் மேல் பூசிய சால்டரில் இருக்கிறது, ஒரு பேனலுக்குச் சில கிராம். பசைக்குள் மூடியிருக்கும்வரை அது பேசாமல் இருக்கும். உடைந்து, மண்ணில் புதைந்து, நீண்ட நாள் நனைந்தால் கசியலாம். ஆகவே கூரைக்கு அடியில், சிமெண்டுத் தரையில், தார்ப்பாய் சுற்றி வைத்தால் கிணறு பத்திரம். ரெண்டு பேனலுக்கு நடுவே அட்டை வைத்து, கண்ணாடி கண்ணாடியைப் பார்க்கப் படுக்கையாக அடுக்குங்கள். உதிர்ந்த பொடியைக் கூட்டி அள்ளாதீர்கள், ஈரச் சாக்கால் ஒற்றி எடுங்கள்.

இதெல்லாம் உங்கள் ஆறு பேனல் பிரச்சனை மட்டுமல்ல. சிஇஇடபிள்யூ என்ற டெல்லி ஆய்வு மன்றம் 2024-ல் கணக்குப் போட்டது: 2023 மார்ச் வரை நாட்டில் நிறுவிய பேனல்களிலிருந்தே சுமார் 1 லட்சம் டன் கழிவு, 2030-ல் அது 3.4 லட்சம் டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஐந்து மாநிலங்களிலிருந்து வரும், தமிழ்நாடு அதில் ஒன்று. கமுதியில் 648 மெகாவாட்டுக்கு விரித்திருக்கிற 25 லட்சம் பேனலுக்கு ஒரு நாள் லாரி வந்தே தீரும், சேர்ந்து கிடப்பதால். தோப்புக்குத் தோப்பு ஆறும் நாலுமாகக் கிடப்பதற்குத்தான் லாரி வராது.


தோட்டத்து டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு வாரம் கழிச்சு எழுதறேன், நடந்ததைச் சொல்லிடறேன்.

திண்டுக்கல் தம்பி சொன்னபடி பொழுது விழுந்த பிறகு எலக்ட்ரீசியனை வெச்சுக் கழட்டினோம். அவரு முதல்ல "உடைஞ்சதுல என்ன கரண்டு வரப்போகுது"ன்னு அலட்சியமாத்தான் இருந்தாரு. மறுநாள் காலையில நொறுங்கின பேனல் ஒண்ணை வெயில்ல வெச்சு மீட்டரைத் தொட்டுக் காட்டினேன், 31 வோல்ட். அதுக்கப்புறம் கையுறையைக் கழட்டவே இல்லை.

பதினாலுல 11 நல்லபடியா இருக்குங்க. ரெண்டு 23 வோல்ட் காட்டுச்சு, டயோடுதான். ஒண்ணை மாத்தியாச்சு, எழுந்துக்கிச்சு. இன்னொண்ணு சிலிகான்ல மூடிக்கிடக்குது, பேனாக் கத்தியில தினம் கொஞ்சம் சுரண்டிக்கிட்டு இருக்கேன், பழைய மாணவர் பரிசோதனை மாதிரி. பதினாலாவது வெளியே நல்லாயிருந்தும் பின் ஷீட்டு பிளந்திருக்கு. அது உடைஞ்ச கூட்டத்துல சேர்ந்துருச்சு.

பம்ப்புக்குப் புது பேனலே போட்டாச்சு, 550 வாட்ல ஒரு தனி மாலை, கண்ட்ரோலரும் மாத்த வேண்டியதாயிருச்சு. பழசுல ரெண்டு பேனல் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு, விளக்கும் ஒரு ஃபேனும். மடத்துக்குளத்துல ஒருத்தர், குரங்கு கல்லெறிஞ்சு ஒரே ஒரு பேனல் போனதால ஒரு வருஷமா பம்ப்பை நிறுத்தி வெச்சிருந்தாரு. வண்டி எடுத்துட்டு வந்து ஒண்ணு கேட்டாரு, ரெண்டா வாங்கிட்டுப் போனாரு. அன்னைக்குச் சாயங்காலமே தண்ணி விழற வீடியோ அனுப்பிட்டாரு. மீதி எட்டை விக்கறேனுங்க.

ஸ்டிக்கர்ல பேனல் தயாரிச்ச கம்பெனி பேரு தெளிவா இருந்துச்சு. எழுதினேன். பதில் வந்துச்சு, "தங்கள் கடிதம் பெறப்பட்டது." அதுக்கு மேல இன்னும் ஒண்ணும் இல்லை. நகலுக்கு முத்திரையும் வாங்கிட்டேன். பட்டியல்ல பார்த்து நாலு மறுசுழற்சிக்காரருக்குப் போன் பண்ணினேன். மெஷின் இருக்குதான்னு கேட்டதுமே ரெண்டு பேர் லைனைக் கட் பண்ணிட்டாங்க. ஒருத்தர் மட்டும் பொறுமையாப் பேசினாரு. சட்டத்தோட இருந்தா வாடகை கேட்கமாட்டேன், ஆனா ஏழு பேனலுக்கு வண்டி அனுப்ப முடியாது, ஒரு நூறு சேர்ந்தா வர்றேன்னாரு. சட்டம் உருவின ரெண்டையும் "சரி, கூட்டத்தோட கூட்டமா போடுங்க"ன்னாரு.

இப்ப ஏழும் தேங்காய்க் களத்துக் கொட்டகையில, அட்டை வெச்சு அடுக்கி, தார்ப்பாய் கட்டி இருக்குங்க. பேத்தியோட டிபன் டப்பாவும் அதுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கு, திருப்பிக் குடுக்கலைன்னு அவளுக்கு என் மேல கோபம்.

நூறுக்கு இன்னும் 93 வேணும். உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், பல்லடம் பக்கம் யார்கிட்டயாச்சும் உடைஞ்சது கிடந்தா இங்கேயே எழுதுங்க. கொட்டகையில எடம் இருக்கு. சட்டத்தை மட்டும் கழட்டிடாதீங்க. பட்டுக்கோட்டைக்காரரே, உங்க சுவரோரத்து நாப்பதையும் இந்த லாரியில சேர்த்துக்குவாரான்னு கேட்டுப் பார்க்கட்டுமா?


காயலான் பட்டுக்கோட்டை எழுதியது:

கேளுங்க டீச்சரம்மா. வாடகை நான் போட்டுக்கறேன். ஆவாரஞ்செடியை வெட்டறதுக்குத்தான் ரெண்டு நாள் ஆகும்.